எஸ்.எம்.எஸ். நீளமும் செலவும்

தந்தி இருந்த நாளில் சொல்லை எண்ணிக் காசு வாங்கினார்கள். எனவே வியாபாரிகள் சொற்களைச் சுருக்கப் பழகியிருந்தோம். 2013 ஜூலையில் தந்தி நின்றது. இன்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைக்காரர்கள் பலர் வாடிக்கையாளருக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம். இதிலும் நீளத்துக்குத் தக்கபடிதான் கட்டணம். ஆனால் கணக்கு வேறு.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட் இடம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறிதான். அதைத் தாண்டினால் செய்தி பல பகுதிகளாகப் பிரியும். பகுதிகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால், அப்போது பகுதிக்குத் தமிழில் 67, ஆங்கிலத்தில் 153 தான் கிடைக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம்.

நாம் எண்ணுவது எழுத்தை. கருவி எண்ணுவது குறியை. 'க' ஒன்று, 'கு', 'க்' இரண்டிரண்டு, 'ஸ்ரீ' நான்கு. இடைவெளி, புள்ளி, இலக்கம் ஒவ்வொன்றும் ஒன்று.

ஓர் உதாரணம்:

"பொன்னி அரிசி புதிய சரக்கு வந்துள்ளது. 25 கிலோ மூட்டை உண்டு. அண்ணாச்சி கடை."

கண்ணுக்கு இது 49, கருவிக்கு 74. ஆகவே இரண்டு பகுதி. 500 பேருக்கு அனுப்பினால் 1000 செய்திக்குப் பணம் போகும். 'புதிய' என்ற ஒரு சொல்லை எடுத்தால் 68; செலவு பாதியாகிவிடும். வந்துள்ளது என்றாலே புதிய சரக்குதானே!

கவனிக்க வேண்டியவை:

1. ஆங்கிலச் செய்தியில் ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் 70 கணக்குதான். 2010இல் வந்த ரூபாய்க் குறியீட்டுக்கும் இதே கதி. ஆங்கிலச் செய்தியில் அதற்குப் பதில் 'ஆர்.எஸ்.' என்று ஆங்கில எழுத்திலேயே போடுங்கள்.

2. வாடிக்கையாளர் பெயரைச் சேர்ப்பவர்கள் நீளமான பெயருக்கு இடம் விடுங்கள். 'மணி' என்றால் 3; 'மீனாட்சிசுந்தரம்' என்றால் 16. ஒருவருக்கு ஒரு பகுதியாகப் போவது இன்னொருவருக்கு இரண்டாகும்.

3. டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செய்தி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எண்ணிப் பார்த்துச் சுருக்கிய பின் பதியுங்கள்.

4. சேவை தருபவரிடம் பில் வாங்கும்போது, ஆட்கணக்கா பகுதிக்கணக்கா என்று கேட்டுச் சரிபாருங்கள்.

செலவுக்கு அஞ்சித் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. வாடிக்கையாளர் படித்துப் புரிந்துகொண்டால்தான் செய்தியால் பயன். தமிழிலேயே எழுதுவோம், 70க்குள் எழுதுவோம்.