மலைக்குக் குடிவரும் தங்கைக்கு

கோத்தகிரிக்கு மாற்றல் ஆகிவிட்டது, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடும் பார்த்தாகிவிட்டது என்று நீ போனில் சொன்ன கையோடு கேட்டாய்: "அக்கா, அங்கே கரடியெல்லாம் வருமாமே?" வரும் கண்ணு. கரடி வரும், காட்டெருமை வரும், சிறுத்தை வரும், குரங்கைக் கேட்கவே வேண்டாம். இந்த மலையில் குடித்தனம் நடத்திப் பழகியவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இவற்றில் எதுவும் நம்மைத் தேடி வருவதில்லை. ஒன்று, சாப்பாட்டு வாசனையைப் பிடித்து வரும். இல்லையென்றால், தன் வழியில் போகிற போக்கில் நம் வாசலைக் கடக்கும். அதனால் நீ பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். வீட்டைச் சுற்றி என்ன வாசனை இருக்கிறது? வந்த விலங்கு திரும்பிப் போக வழி இருக்கிறதா?

முதலில் கரடி

கேட்டது நீ என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கரடிக்குக் காட்டில் சாப்பாடு கரையான், எறும்பு, தேன், பழங்கள். புற்றைத் தோண்டி, உதட்டைக் குவித்துக் கரையானை உறிஞ்சும் சத்தம் நல்ல தூரத்துக்குக் கேட்கும். அதன் மூக்கும் மிகக் கூர்மை. அந்த மூக்குதான் அதை ஊருக்குள் இழுத்து வருகிறது. எண்ணெய், நெய், வெல்லம், சர்க்கரை இந்த நான்கும் அதற்கு உயிர். கோயில் கதவை உடைத்து உள்ளே போய் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது, பேக்கரி ஷட்டரை வளைத்தது, சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து எண்ணெய் டின்னை உருட்டியது என்று நீலகிரியில் இந்தச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். கேமராவில் பதிவானதைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். கதவின் இந்தப் பக்கம் நாம் நின்றால் சிரிப்பு வராது.

எனவே எண்ணெய் டின்னையும் வெல்ல டப்பாவையும் பின்கட்டில் வைக்காதே. தகரக் கதவும் பழைய பலகைக் கதவும் கரடியின் நகத்துக்கு ஒரு தடையே இல்லை. மளிகைச் சாமானை வீட்டின் நடு அறையில், மூடி இறுகிய பாத்திரத்தில் வை. வாசலில் அகல் ஏற்றும் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. விளக்கு குளிர்ந்ததும் அகலை உள்ளே எடுத்து வந்து, சிந்திய எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடு. பழைய மீன் குழம்பு, வடித்த எண்ணெய், பழத்தோல் எதையும் ராத்திரி வெளியே வைக்காதே. குப்பை வண்டி காலையில்தான் வரும்; குப்பையும் காலையில்தான் வாசலைத் தாண்ட வேண்டும். நீ பார்த்திருக்கும் வீட்டில் பேரி மரமும் கொய்யா மரமும் இருக்கிறது என்றாய். பழுக்கும் மாதத்தில் கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்கிவிடு.

ராத்திரி பின்பக்கம் ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்காதே. இதை உன் வீட்டுக்காரரிடமும் அழுத்திச் சொல். ஆண்களுக்குத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகும் ஆசை வரும். உள்ளிருந்தே விளக்கைப் போடு, தட்டைத் தட்டிச் சத்தம் கொடு, வனத்துறைக்குப் போன் செய். அது தன் வழியே போய்விடும்.

விடிகாலையிலோ அந்தி சாய்ந்தோ தோட்டப் பாதையில் நடக்க வேண்டி வந்தால் தனியாகப் போகாதே. பேசிக்கொண்டே போ. கரடிக்கு மூக்கு கூர்மையே தவிர, கண்ணும் காதும் அத்தனை கூர்மை இல்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசினால் நீ பக்கத்தில் வரும் வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்ட கரடி ஓடாது, பாயும். புலியும் சிறுத்தையும் இருக்கும் காட்டில் பிழைத்து வந்த இனம் அது. எதிர்த்து நிற்பதுதான் அதற்குப் பழக்கம். தூரத்தில் பார்த்தாயானால் வந்த வழியே மெல்லப் பின்வாங்கு. ஓடினால் அது உன்னைவிட வேகமாக ஓடும், மரத்திலும் ஏறும். வேறு வழியே இல்லாமல் மேலே வந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கோர்த்துப் பிடரியை மூடிக்கொள். கரடியின் அடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் விழும். மனதில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன், பயப்படாதே.

வாசலில் நிற்கும் காட்டெருமை

கரடியைவிட அதிகமாக நீ பார்க்கப் போவது இதைத்தான். கன்னங்கரேலென்று, நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் மாட்டிய மாதிரி, பள்ளிக்கூடப் பாதையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நிற்கும். ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே கடந்து போவதைப் பார்த்து உனக்கும் தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை. நன்றாக வளர்ந்த ஆண் ஒரு டன் எடையைத் தொடும். தன் வழியில் நிற்பவரை ஒரே முட்டில் தூக்கி எறிந்துவிடும். இந்த மாவட்டத்தில் கரடியிடமும் சிறுத்தையிடமும் தப்பியவர்கள் காட்டெருமையிடம் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

அதன் உடம்பு பேசும், அதைப் படிக்கக் கற்றுக்கொள். தலையை நிமிர்த்தி உன்னையே பார்த்தால், உன்னைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். நில். மூக்கால் புஸ்ஸென்று ஊதினால், அது எச்சரிக்கை. பின்னால் போ. முதுகைத் தூக்கிக்கொண்டு, முழு உடம்பும் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றால், 'என் உருவத்தைப் பார், விலகு' என்கிறது. இந்தப் பக்கவாட்டு நிலையைப் பலரும் சாந்தமாகத் திரும்பிக்கொண்டதாக நினைத்து போட்டோ எடுக்கப் போகிறார்கள். தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டிய பிறகு நேரம் அதிகமில்லை. சுவருக்கோ மரத்துக்கோ காருக்கோ பின்னால் போய்விடு.

கூட்டத்தைவிடத் தனியாகத் திரியும் ஆணிடம் கூடுதல் கவனம் வேண்டும். கன்று தெரிந்தால், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போகாதே. இருட்டில் கருப்பு உடம்பு தெரியவே தெரியாது. டார்ச் இல்லாமல் வாசல் கேட்டுக்குக்கூடப் போகாதே. வண்டியில் போகும்போது எதிரே நின்றால் ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட்டைக் கண்ணுக்கு நேரே அடிக்காமல், எஞ்சினை நிறுத்திக் காத்திரு. அது கடக்கும்வரை காத்திருப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டால் அது வரத்தான் செய்யும். சின்ன வேலி அதை நிறுத்தாது. முள்கம்பி போட்டால் அதன் தோலைத்தான் கிழிக்கும். நேரடி மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம். விலங்கும் சாகும், மனிதரும் சாவார்கள். நான் கீரையும் கொத்தமல்லியும் ஜன்னலோரம் தொட்டியில் வைத்துக்கொள்கிறேன். அதோடு வீட்டு உரிமையாளரிடம் ஒன்று கேட்டு வாங்கு: செப்டிக் டேங்கின் மூடி உறுதியாக இருக்க வேண்டும், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். ராத்திரி நடமாடும் காட்டெருமை இவற்றில் விழுந்து, ஜேசிபி வைத்து எடுக்கும்படி ஆகியிருக்கிறது.

நாய் இருக்கும் வீட்டுக்குச் சிறுத்தை

நீ நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குள் வரும் சிறுத்தைக்கு முக்கியமான இரை நாய்தான். 2023 தீபாவளி சமயத்தில் குன்னூரில் ஒரு சிறுத்தை நாயைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மீட்கப் போனவர்கள் உட்பட ஆறு பேருக்குக் காயம். கடைசியில் அது தானாகத்தான் வெளியே போனது. கூட்டமும் கூச்சலும் சேரச் சேர, சிக்கிய விலங்குக்கு வழி தெரியாது. அப்போதுதான் கடிக்கிறது, பிறாண்டுகிறது.

நாயை ராத்திரி வாசலில் கட்டாதே. சங்கிலியில் கட்டிய நாய் தப்ப முடியாது. வீட்டுக்குள்ளேயே படுக்க வை. கோழி, ஆடு வளர்ப்பதாக இருந்தால் கூரையும் கதவும் சரியாக உள்ள கொட்டகை வேண்டும். வீட்டைச் சுற்றி உண்ணிச்செடிப் புதர் இருந்தால் குடிவருவதற்கு முன்பே வெட்டச் சொல்லிவிடு. சிறுத்தைக்கும் பன்றிக்கும் பகலில் ஒளிய அதுதான் இடம்.

குழந்தை விஷயத்தில் மட்டும் சமாதானமே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு, பெரியவர் கைப்பிடிக்குள் இல்லாமல் வாசலில் விளையாடக் கூடாது. சிறுத்தையைப் பார்த்தால் குனியாதே, உட்காராதே, முதுகைக் காட்டி ஓடாதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, சத்தமாகப் பேசியபடி மெல்லப் பின்னால் நகர். உயரமாகத் தெரிவதுதான் நம் பாதுகாப்பு.

குரங்கு

தினசரித் தொல்லை என்றால் இதுதான். சன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தயிர் பாக்கெட்டை எடுப்பது, கொக்கியைத் தூக்கிக் கதவைத் திறப்பது, பிஸ்கட் டப்பாவைக் கூரை மேல் கொண்டுபோய்த் திறந்து சாப்பிடுவது எல்லாம் பார்க்கப் பார்க்கச் சுவாரசியம். சமையலறைச் சன்னலுக்குக் கம்பி போதாது, வலையும் அடி. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு. கடைக்குத் துணிப்பையோடு போ. பையைப் பிடித்துவிட்டால் இழுக்காதே, விட்டுவிடு. கண்ணோடு கண் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடு.

கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதே. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. தடுப்பூசியை அத்தனை தவணையும் போட்டுக்கொள். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வரும் முன் தடுப்பது மட்டுமே வழி. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார்கள். நாய்க்கும் மறக்காமல் வருஷா வருஷம் ஊசி போடு.

ஓட்டு வீடு என்றாயே, பரணில் ராத்திரி யாரோ நடப்பது போலச் சத்தம் கேட்டால் பேய் பிசாசு என்று நினைக்காதே, மரநாய்தான். பழம் தின்னும் சாதுவான பிராணி. உள்ளே குட்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, அது வெளியே போன நேரத்தில் ஓட்டு இடைவெளியை அடைத்தால் போதும்.

கீழே மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போது பாம்பு நினைவு இருக்கட்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் சமவெளியில் உண்டு. தரையில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது. கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகிப் படுத்தால் அதுவே காவல். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-க்குப் போன் செய். இந்த நான்கு பாம்பு விஷத்துக்கும் ஒரே முறிமருந்து, அது ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

அம்மா வீட்டுக்குப் போகும் அதே பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும். அந்த மாதங்களில் இருட்டுவதற்குள் மலையேறி வந்துவிடு. வண்டியை நிறுத்தி இறங்காதே.

சோறு வைக்காதே

பாவமாக இருக்கிறதே என்று உனக்கு மனசு இளகும், எனக்குத் தெரியும். மசினகுடிப் பக்கம் வாழைத்தோட்டத்தில் ரிவால்டோ என்று ஊரே பேர் வைத்துக் கூப்பிட்ட யானை இருந்தது. பழம் கொடுத்துப் பழக்கியதால் வீடுகளைச் சுற்றியே திரிந்தது. 2021-இல் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் விட்டும், மறுநாளே பழைய இடத்துக்கு நடந்து வந்துவிட்டது. அதே 2021 ஜனவரியில், அதே மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றில் இருந்தவர்கள் இன்னொரு யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். தீக்காயம் பட்ட அந்த யானை இறந்துபோனது. வீட்டருகே வந்துபோகப் பழகிய விலங்கை ஒருவர் கொஞ்சுவார், அடுத்தவர் கல்லெறிவார். நாம் வைக்கும் ஒரு பிடிச் சோறு அதை அந்த அடுத்தவர் வாசலுக்குத்தான் கொண்டுபோய் விடும். என்னால் பொறுக்க முடியாதது இது ஒன்றுதான். கரடிக்கும் குரங்குக்கும் காட்டெருமைக் கன்றுக்கும் எதையும் கொடுக்காதே, பக்கத்து வீட்டார் கொடுத்தாலும் பக்குவமாகச் சொல்லி நிறுத்து.

சாமான் இறக்கிய மறுநாளே வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், இரவு நேரத்தில் எடுக்கக்கூடிய போன் எண்ணைக் கேட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டு. கூரையோ கதவோ உடைந்தால் சரிசெய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து, இழப்பீட்டுக்கு அங்கேயே மனுக் கொடுக்கலாம். தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துகொள். கரடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று அதில் நாலு பேருக்குத் தெரிந்தால் பிள்ளைகள் வேறு பாதையில் பள்ளிக்கூடம் போவார்கள். ஆனால் அந்தச் செய்தியை வெளியூருக்கு அனுப்பி வேடிக்கை பார்க்க ஆள் சேர்த்துவிடாதே, தங்கம்.