நாகமும் கருடனும் ஆங்கிலம் பேசும்போது

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வரும் இளம் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது, பிள்ளைக்குத் தெரிந்த கதையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். நயினாதீவில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூவைக் கவ்விக்கொண்டு நீந்திவரும் நாகம், அதைக் கொல்ல வரும் கருடன், நாகத்துக்காக மன்றாடிய கப்பல் வணிகர் எல்லாரையும் பிள்ளைகள் அறிவார்கள். பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற திணறல் இல்லாததால், கவனமெல்லாம் மொழிக்குப் போகிறது.

நான்கைந்து சொற்களை மட்டும் முன்கூட்டிக் கரும்பலகையில் எழுதுவேன். பிறகு நடிப்பு. ஒரு பெடியன் கைகளை விரித்துக் கருடனாக நிற்கிறான். வாசிக்கச் சொன்னாலே தலைகுனியும் கடைசி வாங்குப் பிள்ளை வணிகராக எழுந்து, "லெற் ஹிம் கோ! பிளீஸ், லெற் ஹிம் கோ!" என்று கத்துகிறாள். அந்த வசனத்தை அவள் இனி மறக்கமாட்டாள். அடுத்த பாடத்தில் நாகத்தைப் பெண்ணாக்கினால் 'ஹெர்', இரண்டு நாகங்களாக்கினால் 'தெம்' என்று இலக்கணம் தானாக வந்து சேரும். நடிக்கும்போது பிழை திருத்தாதீர்கள். திருத்திய மறுகணமே வாய் மூடிவிடும்.

இது கைவந்தபின் தெரியாத கதைக்குப் போகலாம். என் தெரிவு சிபில் வெத்தசிங்கவின் குடைக் கள்ளன் கதை. 1956இல் சிங்களத்தில் வந்தது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. குடையே இல்லாத ஊர்க்காரர் ஒருவர் பட்டணத்தில் குடை வாங்கி வருகிறார், வழியில் கோப்பி குடிக்கிறார், வெளியே வந்தால் குடையைக் காணோம். திரும்பத் திரும்ப இதுவே நடப்பதால் இறந்தகால வினைகள் காதில் படிந்துவிடும். கடைசியாக அவர் குடைக்குள் கடதாசித் துண்டுகளை வைத்து, அவை சிந்திய வழியே கள்ளனைத் தேடிப் போகிறார். அங்கே புத்தகத்தை மூடிவிடுவேன். கள்ளன் யார்? ஊகங்களைத் தமிழிலேயே சொல்லட்டும்; விடையை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் பிள்ளைகள் உங்கள் தமிழுக்குக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள்.

கதை சொன்னால் பாடத்திட்டம் முடியாது என்று கவலைப்படும் அதிபர்களுக்கு ஃபிஜித் தீவுகளைக் காட்டுவேன். 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் அங்குள்ள கிராமப் பாடசாலைகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். வழமையான பாடமுறையில் படித்தவர்களைவிட, கதை வாசித்த பிள்ளைகளே வாசிப்பில் வேகமாக முன்னேறினார்கள்.

புத்தகம் வாங்கக் காசில்லையென்றால் பிள்ளைகளையே எழுத வையுங்கள். நெடுந்தீவில் குதிரையும் பெருக்கமரமும் கல்வேலியும் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு வசனம், ஒரு படம். கொப்பித் தாளை மடித்துத் தைத்தால் அடுத்த வருடத்து வகுப்புக்குப் புத்தகம் தயார். அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு வராத நாட்களில் உங்களால் பாடசாலைக்குப் போக முடியாது. அன்றைக்கு அவை பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும்.