ஆயா சொன்ன தாது வருடத்துக் கதை

எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் காலப் பஞ்சங்களைப் பற்றிச் சொல்லும்போது, 1876–78 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது என் வழக்கம். தேர்வுக்கு அது போதும். சென்ற ஆண்டு அப்படிப் போக முடியவில்லை. "தாது வருசப் பஞ்சமா டீச்சர்? எங்க ஆயா சொல்லும்" என்று ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

நாமக்கல் மாவட்டத்தில், தறிச் சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. ஆயாவை அழைக்கும் முன் இரண்டு கணக்குகளைச் செய்து பார்த்தோம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் சேர்த்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்படி சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் போக எஞ்சிய கணக்கு இது. என் வகுப்பில் 32 பேர். அந்த விகிதத்தில் ஆறு பேரை வெளியே நிற்கச் சொன்னேன். வகுப்பு அமைதியானது.

இரண்டாவது கணக்கு தராசில். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். கம்பை நிறுத்துப் பார்த்த பிள்ளைகள், "இதைத் தின்னுட்டு மண்ணு சுமக்கணுமா?" என்றார்கள்.

ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். தன் பாட்டியிடம் கேட்டதை, அந்தப் பாட்டி தன் தாயிடம் கேட்டதைச் சொன்னார். எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் பொறுக்கியது, கற்றாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்றது எல்லாம் வந்தன. பிறகு குரல் தாழ்ந்தது. அவர்கள் குடும்பத்து முன்னோர் ஒருத்தி, இரண்டு பெண் பிள்ளைகளில் ஒன்றைக் கஞ்சித் தொட்டிக்கு அருகில் உட்கார வைத்துவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தாளாம். மழை பெய்து திரும்பியபோது பிள்ளை அங்கே இல்லை. அதனால் இன்றும் அந்த வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுகிறார்கள்.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அந்தப் புள்ளைக்கு அம்மா மேல கோவம் இருந்திருக்குமா ஆயா?"

அவனுடைய அப்பா போர்வண்டி வேலைக்கு வடக்கே போனவர், அம்மா திருப்பூரில். அவன் இருப்பது தாத்தா வீட்டில். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் பெயருக்கு எதிரே "கவனக்குறைவு" என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

ஆயா உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுவிட்டு, "இருந்திருக்கும் சாமி. இல்லாம இருக்குமா? ஆனா கஞ்சி எங்க கெடைக்குமோ அங்கதான் வெச்சுட்டுப் போனா. வேண்டாம்னு போகல" என்றார். அவன் "உம்" என்றான். கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. அன்றைக்கு அது அதற்கும் மேல் என்று பட்டது.

பேச்சு மழைச்சோற்றுக்குத் திரும்பியது. மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உண்டு, இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். ஊரார் பின்னால் ஓடிச் சமாதானம் சொல்லித் திரும்ப அழைத்து வருவார்கள். சிறுமியாக இருந்தபோது ஆயாவும் அதில் நடந்திருக்கிறார். மழைக்கான சடங்கு என்றே இதை நான் படித்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பஞ்சத்தில் போனவர்களைக் கூப்பிட ஆளில்லை. சடங்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் யாரோ கூப்பிடுகிறார்கள். அழுகையை முழுதாக அழவிட்டு முடிவை மட்டும் மாற்றுகிற கதை அது.

கனடாவில் முதுகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த வரலாற்றை விசாரித்த ஆணையம், 2008 முதல் 2015 வரை 6,000க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. அங்கே காயம் தந்ததே பள்ளிதான். நாம் கவனமாக இருக்க அது ஒன்றே போதும்.

இதைச் செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவரை முதல் நாளே சந்தித்து, என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "உன் வீட்டுக் கஷ்டத்தை எழுதி வா" என்று வீட்டுப்பாடம் தராதீர்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பிள்ளையைப் பற்றிப் பேசலாம். தன்னைப் பற்றிப் பேசுவதா என்பதை மாணவன் முடிவு செய்யட்டும். கதையால் தீராத துயரம் தெரியவந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். 1098 எண்ணும் இருக்கிறது.

அடுத்த வாரம் பிள்ளைகள் மழைச்சோற்றை நடித்தார்கள். பெண்கள் கிளம்பும்போது பின்னால் ஓடிக் கூப்பிடும் வேடம் தனக்குத்தான் வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பள்ளிக் கதவருகே போய்விட்ட கடைசிப் பெண்ணும் திரும்பி வேப்பமரத்தடிக்கு வரும்வரை அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.