காமாலையும் பித்தநாளப் புற்றுநோயும்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் குழாயே பித்தநாளம். அதில் புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் அடைப்பு ஏற்பட்ட பிறகே வெளியே தெரியும். கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளுக்கும்.

நோயின் போக்கை முன்கூட்டியே அறிய மைக்ரோ ஆர்.என்.ஏ. உதவுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். மரபணுக்களின் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் மிக நுண்ணிய மூலக்கூறு இது. 1993இல் ஒரு சிறு புழுவில் இதன் செயலை விளக்கிய விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 என்ற வகை கட்டியில் மிகுந்திருந்த நோயாளிகளின் ஆயுள் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆனால், அளவிடும் முறை ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால், இது இன்னும் வழக்கமான பரிசோதனையாகவில்லை. கடன் வாங்கி இதற்குச் செலவழிக்க வேண்டாம். கட்டியை அறுவை செய்து முழுமையாக அகற்றக்கூடிய நிலையிலேயே நோயைக் கண்டுபிடிப்பதுதான் இன்று உயிர் காக்கும் வழி.

எல்லாக் காமாலையும் புற்றுநோய் அல்ல. கல் அடைத்தாலும் வரும். எதுவென்று தெரிய, வீட்டுப் பெரியவர்களுக்குக் காமாலை கண்டவுடன் கைமருந்தில் வாரங்களைக் கழிக்காமல், ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.