குப்பிக்கு முன் புத்தகம்

இயற்கை வாசனைத் திரவியம் கலக்கக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் மும்பை முகமது அலி ரோடு அத்தர் கடைகளுக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே செலவிடும் பணத்தில் பாதியை ஒதுக்கி, ராபர்ட் டிசராண்டும் ராட்னி யங்கும் எழுதிய ‘எசென்ஷியல் ஆயில் சேஃப்டி’யை முதலில் வாங்குங்கள் என்பேன். 2014இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை அதிகம்தான். தாராவியில் நாங்கள் தோழிகள் பங்கு போட்டுத்தான் வாங்கினோம்.

எலுமிச்சை எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சருமம் சிவந்து கருத்துவிடும்; பூசும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அந்த நூல். ஆவியில் வடித்த எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. கடையில் இரண்டும் ஒரே மாதிரிக் குப்பியில்தான் இருக்கும். ‘பிழிந்ததா, வடித்ததா?’ என்று கேட்க எனக்கு அந்தப் புத்தகம்தான் கற்றுக்கொடுத்தது.

மூக்கைப் பழக்க ஸ்டெஃபன் ஆர்க்டாண்டர் 1960இல் வெளியிட்ட நூலுக்கு இணை இல்லை. இயற்கை மணப்பொருள்களை அகர வரிசையில் அடுக்கி, எது எப்படி மணக்கும், எதோடு சேரும், எதைக் கலந்து ஏமாற்றுவார்கள் என்பதுவரை சொல்கிறார். நான் காகிதப் பட்டையில் வெட்டிவேர் எண்ணெயைத் தொட்டு, தோன்றியதை முதலில் நோட்டில் எழுதிவிடுவேன். ஈர மண், கொஞ்சம் புகை, மறுநாள் காலையில் பழைய மரப்பெட்டி. அதற்குப் பிறகே அவர் பக்கத்தைத் திறப்பேன். முதலிலேயே படித்துவிட்டால் அவர் சொன்னதுதான் மணக்கும்!

வாசனை எண்ணெய்கள் பற்றிய எர்னஸ்ட் குந்தரின் ஆறு தொகுதிகளை (1948–52) நூலகத்தில் பார்த்தால் போதும். 1850களில் வந்த பியெஸ்ஸின் வாசனைத் திரவிய நூலுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசம்.

பழைய பிரதிகளுக்கு மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைதான். வாசனைத் தொழில்நுட்பத்தில் மேற்படிப்பு நடத்தும் ஐசிடி என்ற வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் பக்கத்திலேயே இருப்பதால், வாசனைத் திரவியம் பற்றிய பௌச்சரின் தொகுதி எப்போதாவது கண்ணில் படும். ‘பெர்ஃப்யூம் புக்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘பெர்ஃப்யூம்’ என்ற சுஸ்கிண்டின் கொலைகாரன் நாவலை எடுத்து நீட்டுவார்கள். ‘காஸ்மெடிக்ஸ், கெமிஸ்ட்ரி’ என்று கேளுங்கள்.

நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்துக்குப் பழைய உரை, துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு என்று குளியல் நீரில் ஊறவைக்கும் சரக்குகளை எண்ணித் தருகிறது. அந்த உரையோடு நூலை உ.வே.சா. 1892இல் பதிப்பித்தார். கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்பவை ஐந்து விரை. படித்ததும் கலக்கக் கை பரபரக்கும். ஆனால் முதலில் நிற்கும் கோட்டத்தின் வேர் எண்ணெயைச் சரும ஒவ்வாமை காரணமாக இஃப்ரா என்ற சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு தடை செய்திருக்கிறது. இமயமலைச் செடியான அதன் சர்வதேச வணிகத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு. உரையையும் டிசராண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நான் புரட்டிய தமிழ்க் கையேடுகளில் அளவு ‘சில சொட்டு’ என்றே இருக்கிறது. ஐசிடியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் யாராவது சதவீதக் கணக்கோடு ஒரு சின்னப் புத்தகம் எழுதுங்கள். இங்கே வீட்டிலேயே சோப்பு ஊற்றி விற்கும் பெண்களுக்கு அது உடனே தேவை.