தைலப் புட்டியைத் திறக்கும் முன்

நோயாளி வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை விளக்கி, அடுத்த வருகைக்கான தேதியையும் குறித்துக் கொடுத்த பிறகு, வாயில்வரை சென்ற உறவினர் ஒருவர் திரும்பி வந்து மெல்லக் கேட்பதுண்டு: “வலித்தால் தைலம் தடவிக்கொள்ளலாமா?” மருத்துவரிடம் கேட்கத் தயங்கிச் செவிலியரிடம் கேட்பவர்களே மிகுதி. கேட்காமலே தடவிக்கொள்பவர்கள் அவர்களினும் மிகுதி.

கேள்வி எளியதாகத் தோன்றலாம். விடை அவ்வளவு எளிதன்று. தைலம் சிலவற்றுக்கு உண்மையான துணை. சிலவற்றுக்கு வெறும் ஆறுதல். சில வேளைகளிலோ உயிருக்கே ஊறு. இம்மூன்றையும் பிரித்தறியும் வழியை இவ்விதழில் காண்போம்.

ஒரே பெயர், இரு வேறு பொருள்கள்

தமிழில் ‘தைலம்’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பத்தின் தொடக்கம் இதுவே. பிண்டத் தைலம் போன்றவை நல்லெண்ணெயில் மூலிகைகளைக் காய்ச்சி எடுக்கப்படுபவை. அவற்றில் பெரும்பகுதி எண்ணெயே. ஆகவே உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்கிறோம்.

யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், புதினாத் தைலம், லாவெண்டர் எண்ணெய் ஆகியவை அவ்வாறானவை அல்ல. இலை, மலர், மொட்டு ஆகியவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தி, அது சுமந்துவரும் மணப்பொருளைக் குளிரவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். நீலகிரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட மரங்களின் இலைகளிலிருந்து யூகலிப்டஸ் தைலம் இறக்கப்படுவது இம்முறையில்தான். கூடை கூடையாக இலையைப் போட்டாலும் கிடைப்பது சிறிதளவே. அவ்வளவு செறிவான பொருளைத் துளிக்கணக்கில் மட்டுமே கையாள வேண்டும்.

இரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு வையுங்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கிவிடும். கலப்பற்ற நறுமணத் தைலமாயின், பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஆவியாகித் தாள் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பும். கறை தங்காத தைலத்தை ஒருபோதும் அப்படியே தோலில் ஊற்றலாகாது.

அவை செயல்படும் விதம்

புதினா உப்பு எனப்படும் மெந்தால் பட்ட இடம் குளிர்கிறது. ஆனால் அவ்விடத்தின் வெப்பம் குறைவதால் அன்று அக்குளிர்ச்சி. தோலில் உள்ள நரம்பு முனைகளில் குளிரை உணர்த்தும் புரதம் ஒன்று இருக்கிறது; மெந்தால் அதைத் தூண்டுகிறது. மூளை அதைக் குளிர் என்றே கொள்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்குளிர்ப் புரதமும் அந்த ஆய்வுகளில் இடம்பெற்றது.

மூக்கடைப்பின்போது தைலத்தை முகர்ந்தால் மூச்சு தாராளமாக வருவதுபோல் தோன்றுவதும் இவ்வாறே. அடைப்பு அங்கேயே இருக்கிறது. காற்று செல்லும் உணர்வு மட்டுமே கூடுகிறது. அது பொய்யான ஆறுதல் என்று நாம் தள்ளவில்லை. இரவு உறக்கத்துக்கு அது உதவும். ஆயினும் மூச்சுத்திணறலுக்கு அது மருந்தாகாது.

தசை வலியில் பாதி வேலையைச் செய்வது தைலம் அன்று, தேய்க்கும் கையே. தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துசெல்லும் நரம்புச் செய்திகள், தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வழியை ஓரளவு மறிக்கின்றன. மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965இல் இக்கருத்தை முன்வைத்தனர். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிடுவதன் காரணமும் இதுவே.

எவற்றுக்குத் துணையாகும்?

மன இறுக்கம், உறக்கமின்மை: லாவெண்டர் மணம் பதற்றத்தைச் சற்றே தணிக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. பயன் பெரிதன்று. பஞ்சில் ஒன்றிரண்டு துளி இட்டுத் தலையணையருகே வைத்தாலே போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மனநல மாத்திரைக்கு அது மாற்றாகாது. நோயாளியைப் பகலும் இரவும் கவனித்துச் சோர்ந்த குடும்பத்தாருக்கும் நாம் இதையே கூறுவோம்: மணம் நல்லது; ஒரு மணி நேரம் பிறரிடம் பொறுப்பை ஒப்படைத்து உறங்குவது அதனினும் நல்லது.

தசைப் பிடிப்பு, முதுகு வலி, மூட்டுத் தேய்மான வலி: 30 மில்லி தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ ஏறத்தாழ 6 துளி நறுமணத் தைலம் கலந்தால் அது நூற்றுக்கு ஒரு பங்கு. முதியோருக்கும் மென்மையான தோலினருக்கும் இவ்வளவே ஏற்றது; மற்றவர்களுக்கு 12 துளிவரை கலக்கலாம். முதல் முறை முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தோன்றினால் அத்தைலம் உங்களுக்கு உரியதன்று.

பல்வலி: கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவரும் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆயினும் அது பல் மருத்துவரைக் காணும்வரை மட்டுமே. சொத்தை தைலத்தால் ஆறுவதில்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்: தையலிட்ட இடத்திலும், ஆறாத புண்ணிலும், கதிரியக்கச் சிகிச்சை பெறும் தோலிலும் எந்தத் தைலமும் கூடாது. அவ்விடத்தை விட்டு விலகிய தோள், கழுத்து ஆகியவற்றை மெல்ல நீவிவிடலாம்.

யாருக்கு ஆகாது?

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். அன்பினால் செய்யும் செயல் அது. ஆயினும் செய்ய வேண்டாம் என்று பாட்டிமாரைப் பணிவுடன் வேண்டுகிறோம். குழந்தையின் மெல்லிய தோல் கற்பூரத்தை எளிதில் உறிஞ்சும். மிகுந்தால் வலிப்பு வரும். கற்பூரத்தையோ மெந்தாலையோ குழந்தையின் மூக்கருகில் தடவினால் மூச்சு தடைபடவும் கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பூசைக்கு வைத்த கற்பூரக் கட்டியைக் கற்கண்டென்று எண்ணிக் குழந்தை வாயில் இட்டுக்கொள்வதும் உண்டு. ஒரு கிராம் அளவுகூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றை விலக்குவதே நன்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான மணமே இழுப்பைத் தூண்டலாம். கருவுற்றவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

வலி நிவாரணத் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் கலந்திருக்கிறது. நீலகிரியில் விளையும் விண்டர்கிரீன் செடியின் எண்ணெயும் பெரும்பாலும் அதுவே. இது ஆஸ்பிரினின் உறவுப் பொருள். கலப்பற்ற விண்டர்கிரீன் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20க்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடாகும். ஆகவே ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களும் எங்களைக் கேட்காமல் அத்தைலங்களைத் தொடர்ந்து தடவ வேண்டாம்.

நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் தைலம் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்வது மிகவும் தீங்கானது. சூடு தெரியாமல் தோல் வெந்து, ஆறாத புண்ணாக முடியும். பிறரும் வலித் தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுப்பதையோ இறுகக் கட்டுவதையோ தவிர்க்க வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நறுமணத் தைலங்கள் எளிதில் தீப்பற்றுபவை. கருவியின் அருகே அவற்றைச் சூடேற்றவோ முகத்தில் தடவவோ கூடாது.

தைலம் மறைக்கும் நோய்கள்

எங்கள் அவசரப் பிரிவில் நெஞ்சு முழுவதும் தைலம் மணக்க வந்து சேர்வோர் உண்டு. “வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தடவிவிட்டோம், காலையில் பார்க்கலாம் என்றிருந்தோம்” என்று உடன் வந்தவர்கள் கூறுவார்கள். அவ்வலி மாரடைப்பாக இருந்தால், தைலம் தடவிக் காத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் இதயத்தசையின் ஒரு பகுதி மடிந்துகொண்டிருக்கும். பின்னர் தரும் சிகிச்சையால் அத்தசையை மீட்க இயலாது.

எனவே நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் தைலத்தைத் தேடாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கையில் இருந்த பிறகோ ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அவ்வுறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிராபத்து. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலுடன் கழுத்து விறைத்துத் தலைவலி வந்தாலும், திடீரெனக் கடுந்தலைவலி வந்தாலும் அவ்வாறே.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

தைலப் புட்டியையும் கற்பூரப் பெட்டியையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடிய அலமாரியில் வையுங்கள். இருமல் மருந்தின் அருகில் வைக்காதீர்கள். இரவின் அரைவெளிச்சத்தில் புட்டி மாறிவிடும். நறுமணத் தைலத்தை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். கண்ணருகே தடவ வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின்முன் குழந்தையை அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்ய வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளுக்குச் சளியைவிட அப்புண்ணே பெருந்துன்பமாகிறது.

யாரேனும் தைலத்தையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வெளிவரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புளிக்கரைசல், உப்புநீர் எதுவும் புகட்டாதீர்கள். வலிப்பு சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். ஆகவே குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திராமல், அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். எது, எவ்வளவு என்று தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலில் வீட்டில் தடவும் தைலத்தின் பெயரையும் எழுதிக் கொண்டுவாருங்கள். அதைக் கேட்டு எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். கதவருகே திரும்பி வந்து கேட்க வேண்டியதில்லை, அமர்ந்தே கேட்கலாம்.