சிறு விமானமும் இணைகர விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர் பொத்தேரி. வடக்கே தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இருப்பதால், சிறு விமானங்கள் வட்டமிடுவதைப் பார்த்தே வளர்ந்தேன். என் தந்தையார் கொத்தனார். சாரத்தின் மேல் நின்ற அவரிடம், "அதை ஓட்ட என்னப்பா படிக்கணும்?" என்று சிறு வயதில் கேட்டேன். "நீ படி, தெரிஞ்சுக்கலாம்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பொது விமானவியல்

படை விமானங்களையும், கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களையும் நீக்கினால் எஞ்சுபவை பறத்தல் கழகங்களின் பயிற்சி விமானங்களும், தனியார் விமானங்களும் போன்றவை. இத்துறையை 'ஜெனரல் ஏவியேஷன்' என்பர். நாம் பொது விமானவியல் எனலாம். இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

பம்பாய்ப் பறத்தல் கழகத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவிலேயே பயின்று உரிமம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1932 அக்டோபர் 15 அன்று, 'புஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபாலுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று, மக்களைச் சிறு விமானத்தில் ஏற்றிப் பறந்து காட்டியவர் அவர். விமானத் தபால் திட்டத்தை முன்மொழிந்தவரும் அவரே. அந்த முயற்சிதான் பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

விமானியின் கணக்கு

அவ்விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. வழியறிந்தது எப்படி? திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், இவற்றோடு கணக்கு. அது நாம் படித்த திசையன்களின் இணைகர விதியே!

மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஒரு விமானி நேர் தெற்கே பொத்தேரியை நோக்கி வருவதாகக் கொள்வோம். மேற்கிலிருந்து 32 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. அவர் விமானத்தின் மூக்கைத் தெற்கிலேயே வைத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் 32 கி.மீ. கிழக்கே தள்ளப்பட்டு, கோவளத்தையும் தாண்டிக் கடலின் மேல் இருப்பார். ஆகவே மூக்கை மேற்குப் பக்கம் சற்றுத் திருப்ப வேண்டும். 32-ஐ 160-ஆல் வகுத்தால் 0.2. இதனை சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 11.5 பாகை. அப்போது தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 157 கி.மீ. அளவே இருக்கும். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த விதி, ஓர் உயிரைக் காக்கும் விதி என்பது அன்றுதான் புரிந்தது.

என் கருத்து

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். விவரம் கேட்க ஒரு பயிற்சி நிலையத்திற்குச் சென்றேன். அங்கே என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அப்பாவின் தொழிலைக் கேட்டார்கள். அன்று இரவு அந்தத் தொகையை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

டாட்டா செல்வர் வீட்டுப் பிள்ளை என்று நண்பர்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் 1982-இல், தமது 78-ஆம் வயதில், அதே கராச்சி - பம்பாய் வழியில் அவர் மீண்டும் தனியே பறந்தது இளைஞர் மனத்தில் ஊக்கத்தை எழுப்பவே. அந்த இளைஞருள் கொத்தனார் மகனும் அடங்க வேண்டாமா?

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்குச் சிறு விமானத்தில் பறக்கும் வாய்ப்பளிக்கிறது. அப்பிரிவு அரசு கலைக் கல்லூரிகள்தோறும் வர வேண்டும். தகுதியுள்ள ஏழை மாணவர்க்கு அரசு பயிற்சிக் கட்டணம் வழங்க வேண்டும். பொது விமானவியல் என்னும் பெயரில் உள்ள 'பொது' நடைமுறையிலும் வரட்டும். அதுவரை, கணக்கைப் பிழையின்றிக் கற்று வைப்போம்.